தண்ணீருக்குள் நின்று ‘தெரியா’ என்றவர்

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, பிரசங்கம் பண்ணுவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லித்தர உங்கள் ஃபோனுக்குள்ளேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகக் கத்துவார்கள், நன்றாக அழுவார்கள், உடுப்பும் நல்லதாகப் போடுவார்கள். நான் முப்பத்தைந்து வருடம் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் அலைந்து சபை பார்த்தவன். எனக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் நான் பிழைவிட்ட இடங்கள்தான். அதில் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பிழையால் ஒரு பெண்ணுக்குத் திருவிருந்தில் ஒரு துண்டு அப்பம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகையால் இதைப் பழங்கதை என்று நினைத்துக் கொட்டாவி விடாதீர்கள்.

அதற்கு முன், வேதாகமக் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தனிமை பிடித்த வேலை. ஊரில் எந்த வீட்டுக்கும் நீங்கள் போகலாம், தேத்தண்ணியும் தருவார்கள். ஆனால் நீங்கள் உள்ளே வந்ததும் அதுவரை நடந்த கதை நின்றுவிடும். எல்லாரும் நேராக உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு மனைவி என்று ஒரு மனுசியாவது இருந்தாள், வீட்டுக்கு வந்து அவளிடம் புலம்பலாம். அவளும் ஆண்டவரிடம் போய் ஆறு வருடமாகிறது. மகள் கனடாவில். இப்போது தேற்றாத்தீவில் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொல்லி யாரும் வருவதில்லை. சில நாட்களில் பின்னேரம் வரைக்கும் என் குரலை நானே கேட்பதில்லை. இதை அழுவதற்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் அழுகையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையின் சுவரில் விசுவாச அறிக்கை பத்து வரியில் எழுதித் தொங்கும். உங்கள் சபைகளிலும் அப்படித்தான். வேதம் தேவனுடைய வார்த்தை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன். மனிதர் எல்லாரும் பாவம் செய்தவர்கள். இயேசு நமக்காகச் சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தார். நம்முடைய நற்கிரியையால் அல்ல, அவருடைய கிருபையால், விசுவாசத்தினால் இரட்சிப்பு. மனிதன் ஆவியினால் மறுபடியும் பிறக்க வேண்டும். விசுவாசித்தவன் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெற வேண்டும். அவர் திரும்பவும் வருவார். ஒன்பதாவது, கிறிஸ்துவை விசுவாசியாமல் மரிக்கிறவர்கள் நித்திய ஆக்கினைக்குப் போவார்கள். பத்தாவது, விசுவாசித்தவர்களுக்கு நித்திய ஜீவன். இந்தப் பத்தையும் நான் விசுவாசித்துத்தான் ஊழியத்துக்கு வந்தேன். இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். கிழவன் கொள்கையை மாற்றிவிட்டான் என்று நாளைக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டாம்.

என்னை ஊழியத்துக்குப் பழக்கிய பெரிய பாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் எடுக்கப்போகிறவரின் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தனியாகப் போவார். பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்பார். ஆள் தடுமாறினால் சிரித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார். இன்னொரு நாள் திரும்பப் போவார். ஞானஸ்நானத்தன்று தண்ணீருக்குள் ஒரே ஒரு கேள்விதான். “இயேசு உனக்காக மரிச்சார், உயிர்த்தார் எண்டு விசுவாசிக்கிறியா?” அவ்வளவுதான்.

சபை என் கைக்கு வந்ததும் நான் அதை மாற்றினேன். பத்து வரியையும் தண்ணீருக்குள் நிற்கவைத்து, எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் “விசுவாசிக்கிறேன்” என்பார்கள், கரையில் நிற்பவர்கள் “அல்லேலூயா” என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். கொழும்பிலிருந்து வரும் தலைமைப் பாஸ்டருக்கு அது நல்லாப் பிடித்துப்போனது. அவர் ஃபோனில் வீடியோ எடுப்பார். எனக்கும் பிடித்தது, பொய் சொல்வானேன்.

யோகம்மா எங்கள் சபைக்கு வாவியின் மேற்குக் கரையிலிருந்து, படுவான்கரையிலிருந்து வந்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. குடும்பம் முழுக்கச் சைவம். கணவன் தம்பிராசாவும் சைவம். அவன் வாவியில் மீன் பிடிக்கிறவன். ஞாயிறு காலையில் தன் தோணியில் யோகம்மாவை ஏற்றிக்கொண்டு வருவான். கூடவே அந்தக் கரையிலிருந்து வரும் மற்ற விசுவாசிகளையும் ஏற்றுவான். தோணியைக் கண்டல் மரத்தில் கட்டிவிட்டு, ஆராதனை முடியும்வரை நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவான். உள்ளே வரமாட்டான். நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேன்.

“நீங்க உள்ளுக்கு இரிக்கிற ஆக்களப் பாருங்க பாஸ்டர். நான் தோணியப் பாக்கன்,” என்பான். “ரெண்டு பேரும் உள்ளுக்குப் போனா ஆர் ஏத்திக்கொண்டு போற?”

இப்படியே மூன்று வருடம் போனது. மாரி முடிந்த ஒரு மாதத்தில் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் கிடந்துகொண்டு, “தோணி கட்டினபடியே கிடக்கு பாஸ்டர், இந்த ஞாயிறு உங்கட ஆக்களுக்குக் கஷ்டம்,” என்றான். ஜெபம் பண்ணினேன். ஆண்டவரைப் பற்றி அவனிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று வெளியே போகச் சொன்னார்கள். நாளைக்கு வந்து கேட்பம் என்று நினைத்தேன். அன்றிரவே அவன் செத்துப்போனான்.

சடங்கை அவனுடைய சொந்தக்காரர் தங்கள் முறைப்படி செய்தார்கள். நான் வேலியோரமாக நின்றேன். எல்லாம் முடிந்த பிறகு யோகம்மா என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பாஸ்டர், அவர் இப்ப எங்க?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது பொறகு ஆறுதலாக் கதைப்பம்,” என்றேன். பிறகு கதைக்கவேயில்லை. மறதி இல்லை, பயம். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து ‘எனக்கும் தெரியவில்லை’ என்று சொல்கிற ஒரு ஆள். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த வருடம் யோகம்மா ஞானஸ்நான வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். வகுப்பில் இவரைப்போல ஆர்வமாக இருந்தவர் யாருமில்லை. கிரியையால் மீட்பில்லை என்ற வரி வந்தபோது, “அப்பாடா, என்ட கிரியைய நம்பியிருந்தா நான் எப்பவோ போயிருப்பன்,” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். சிலுவையைப் பற்றிப் படித்த அன்று கண்ணீர் விட்டார். ஒன்பதாவது வரி வந்த நாளில் மட்டும் வாய் திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், தெரியாதென்று சொல்லமாட்டேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு பத்தாவது வரிக்குப் போனேன்.

ஞானஸ்நானத்தன்று ஐந்து பேர். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நான் நிற்கிறேன். கரையில் சபை, தலைமைப் பாஸ்டர், அவருடைய ஃபோன். மூன்று பேர் பத்து வரிக்கும் மடமடவென்று சொல்லி முழுகி எழும்பினார்கள். நாலாவது யோகம்மா. வெள்ளை உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். எட்டு வரிக்கும் “விசுவாசிக்கிறன்” என்று பெரிய சத்தமாகச் சொன்னார். நான் ஒன்பதாவதைக் கேட்டேன்.

“அது எனக்குத் தெரியா பாஸ்டர்,” என்றார்.

நான் குனிந்து மெதுவாக, “யோகம்மா, ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க, மத்தத பொறகு பாப்பம்,” என்றேன்.

“தெரியாததத் தெரியும் எண்டு ஆண்டவர்ட தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு எப்பிடிச் சொல்லுற? இயேசு எனக்காகச் செத்தவர், உயிரோட இரிக்கார். அது எனக்கு நல்லாத் தெரியும். தம்பிராசா எங்க எண்டு எனக்குத் தெரியா.”

தம்பிமாரே, அந்த ஒரு நிமிடத்தில் என்னால் என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் இப்போது உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடுவீர்கள். நானும் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் கேட்க வேண்டிய அந்த ஒரே கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். கையைப் பிடித்து முழுக்கியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கரையில் நின்ற அந்த ஃபோன்தான். இவரை முழுக்கினால் நாளைக்குக் கொழும்பில் கூப்பிட்டுக் கேட்பார்களே, இந்தச் சபையையே என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களே என்ற பயம்.

“கரைக்குப் போங்க யோகம்மா,” என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். இடுப்புக்குக் கீழே நனைந்து, மேலே காய்ந்தபடி கரையேறினார். முழுகி வருகிறவர்கள் துவட்டத் துவாய் வைத்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு அவருக்குக் கொடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் யாரும் கொடுக்கவில்லை. ஈர உடுப்போடு வெயிலில் போய் உட்கார்ந்தார். நான் ஐந்தாவது ஆளைக் கூப்பிட்டேன்.

வெட்கங்கெட்டுப்போய் அந்தக் கதையைப் பெரிய பாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். உறுதியாக நின்றேன் என்று பாராட்டுவார் என நினைத்தேன். அவர் அப்போது கண் தெரியாமல் வீட்டோடு இருந்தார். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “மற்ற நாலு பேரும் ஒம்பதாவதுக்கு ஓம் எண்டவங்களா?” என்றார். ஓம் என்றேன். “யோசிச்சுச் சொன்னவங்களா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். கோபம் ஆறிப் போவதற்குள் அவரும் போய்விட்டார்.

யோகம்மா சபையை விட்டுப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார். தம்பிராசா போனபிறகு தோணி ஓட்ட ஆளில்லை. பாலத்தைச் சுற்றி இரண்டு பஸ் ஏறி வந்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். ஞானஸ்நானம் பெறாதவருக்கு எங்கள் சபையில் திருவிருந்து இல்லை. அப்பத்தட்டு வரும், பக்கத்திலிருப்பவர் எடுப்பார், பிறகு அவருடைய கைக்கு மேலால் அடுத்த ஆளுக்குப் போகும். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். பதினொரு வருடம் இதை நான் மேடையில் நின்று பார்த்தேன். அந்த வாங்கில் அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக யாரும் உட்காராமல் போனார்கள். என் மனைவி மட்டும் உட்காருவாள். அவள் போன பிறகு அந்த வாங்கில் யோகம்மா தனி.

அன்று பத்துக்கும் ஓம் சொன்ன நாலு பேரில் இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருவர் பாட்டு நன்றாயிருக்கிறது என்று வேறு சபைக்குப் போய்விட்டார். நாலாமவரை நான் கல்யாண வீடுகளில்தான் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் அப்படியே சொன்னார்கள்.

பிறகு எனக்கும் அந்த நாள் வந்தது. என் அண்ணன் வாகரையில் கடற்தொழில் செய்தவர். நான் கிறிஸ்தவனானபோது அப்பா என்னை வீட்டை விட்டுத் துரத்தினார். அண்ணன்தான் அப்பாவுக்குத் தெரியாமல் என்னைத் தேடி வந்து சோற்றுப் பார்சல் தருவார். அவர் கடைசிவரை சபைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நான் சுவிசேஷம் சொல்லும்போதெல்லாம், “நீ நல்லா இரிக்கியா, அது போதும்,” என்பார். ஒரு வியாழக்கிழமை கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார் என்று ஃபோன் வந்தது. போய் நின்றேன். எரித்தார்கள். சனிக்கிழமை வீடு திரும்பினேன்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. எல்லாரும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்வோம். பாஸ்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சபை திரும்பச் சொல்லும். எட்டு வரி சொன்னேன். ஒன்பதாவதுக்கு வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அண்ணனின் கையும் அந்தச் சோற்றுப் பார்சலும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. தொண்டையைச் செருமினேன். தண்ணீர் குடித்தேன். பத்தாவது வரிக்குப் போய்விட்டேன். ஒருவரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். “அண்ணன் ஆண்டவர ஏத்துக்கொண்டவரா பாஸ்டர்?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை என்றதும் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கியவனே நான்தான், யாரை நோவது? எல்லாரும் போன பிறகு யோகம்மா கடைசி வாங்கிலிருந்து எழும்பி வந்தார்.

“பாஸ்டர், அண்ணனுக்கு என்ன கறி விருப்பம்?” என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “கணவாய்,” என்றேன். “கணவாய்க் கறியெண்டா ரெண்டு கோப்பை சோறு தின்னுவார்.” அதோடு என் வாய் தானாகத் திறந்துகொண்டது. அண்ணன் விசிலடிப்பது, சினிமாப் பாட்டைப் பிழையாகப் பாடுவது, என் கல்யாணத்துக்குச் சபை வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றது, எல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி அழுதேன். மனைவி போன பிறகு நான் ஒரு மனிசருக்கு முன்னால் அழுதது அன்றைக்குத்தான். யோகம்மா வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை, இடையில் “ம்” என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “தம்பிராசாவுக்கு என்ன கறி விருப்பம் யோகம்மா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அவர் செத்து இவ்வளவு காலத்தில இதக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்,” என்றார். “இந்தச் சபையில எல்லாருக்கும் அவர் எங்க போனார் எண்டுதான் கவலை. எப்பிடி இருந்தவர் எண்டு ஒராளும் கேக்கல்ல.” பிறகு சொன்னார். றால் போட்ட முருங்கையிலைச் சுண்டல்.

அன்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஞானஸ்நானம் தருகிறேன் என்றேன்.

“இப்ப கேட்டாலும் ஒம்பதாவதுக்கு நான் அதேதான் சொல்லுவன், பாஸ்டர்.”

“நானும் நேத்து அண்ணன்ட சாம்பலுக்குப் பக்கத்தில நிண்டு அதேதான் சொன்னன்,” என்றேன்.

ஒன்பதாவது வரி பொய் என்று நான் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவனிடம் ஓடிப்போய் நற்செய்தி சொல்லத்தான் அந்த வரி என்னிடம் தரப்பட்டது. தம்பிராசா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதை நினைத்து நான் ஓடியிருக்க வேண்டும். அப்போது சும்மா இருந்துவிட்டு, செத்தவனுக்கு அந்தத் தீர்ப்பை அவன் மனைவியின் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்த்தேன். தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருக்கிறார், அவர் நீதியுள்ளவர், இரக்கமுள்ளவர். அந்த வேலைக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை, யோகம்மாவையும் கூப்பிடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சபையிலிருந்து இரண்டு மூத்த பெண்களைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனோம். பெரிய பாஸ்டர் கேட்கிற அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன். “விசுவாசிக்கிறன்,” என்றார். முழுக்கினேன். அந்த இரண்டு பெண்களும் துவாயோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார்கள்.

சபைப் பதிவுப் புத்தகத்தில் உண்மையை எழுதினேன். ஒன்பதாவது வரிக்கு ‘தெரியாது’ என்றார், அதோடு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று என் கையால் எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் உண்மை சொன்னதற்காக ஒருவரைக் கரைக்கு அனுப்பிய நான், அதே விசயத்தில் பொய் எழுதவா? அந்த மாதமே எனக்கு ஓய்வு வயது வந்தது. திருவிருந்து ஞாயிறு வருமுன் சபையைக் கையளித்தேன். புத்தகத்தைப் பார்த்த நிர்வாகக் குழு அந்த ஞானஸ்நானம் செல்லாது என்றது. பத்து வரியையும் சபைக்கு முன்னால் சொன்னால் திரும்பக் கொடுக்கலாமாம். யோகம்மா சொல்லமாட்டார். தட்டு இன்றும் அவருடைய கைக்கு மேலால் போகிறது.

அதனால் நானும் இப்போது தேற்றாத்தீவிலிருந்து அந்தச் சபைக்குத்தான் போகிறேன். கடைசி வாங்கில் யோகம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். தட்டு வரும்போது நான் எடுப்பதில்லை. இரண்டு வருடமாகிறது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்குப் பிட்டுக் கொடுத்த அப்பம். அதை விட்டிருப்பது எனக்கு லேசாக இல்லை. பசி மாதிரி வலிக்கிறது.

போன மாதம் அந்தச் சபையின் இளம் பாஸ்டர், நல்ல பிள்ளை, ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, “ஐயா, நீங்க ஏன் எடுக்கிறீங்க இல்ல? என்னில ஏதும் கோவமா?” என்று கேட்டார். மற்ற ஆட்கள் நின்றதால் அப்போது நான் பதில் சொல்லவில்லை. அவர் இன்று இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தம்பி, தலையைக் குனியாதீர். உம்மில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் பயந்தது போலத்தான் நீரும் பயப்படுகிறீர். குழு கூப்பிட்டுக் கேட்கும், சிலவேளை சபையையும் எடுத்துவிடும், அது நடக்காதென்று நான் சொல்லமாட்டேன். நடந்தால் தேற்றாத்தீவில் என் வீட்டில் இன்னொரு பாய் இருக்கிறது.

வருகிற ஞாயிறு திருவிருந்து. யோகம்மாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது, தட்டு கடைசி வாங்குக்கு வர வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருப்போம். முதலில் அவருக்குக் கொடும்.